கூண்டின் நிழல்

அத்தியாயம் ஏழு

“குடையை எடுலே.”

“நனைஞ்சா தலை குளிரும் சார். எனக்கு இப்ப அதுதான் வேணும்.”

வேதமணி தன் உதவியாளன் கிளாட்வினின் சைக்கிளைப் பார்த்தார். கேரியரில் ஒரு கறுப்புக் குடை, கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கிடந்தது. மூன்று வாரமாக அது அங்கேதான் கிடக்கிறது. மழை பெய்தாலும் கிளாட்வின் அதை அவிழ்ப்பதில்லை. ஏன் என்று அவர் கேட்டதில்லை. துப்பறியும் ஆபீஸ் போடுமுன் கஸ்டம்ஸில் இருபது வருஷம் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் அவர். எதைத் திறக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

குடையை அங்கே கட்டியவன் கிளாட்வினின் அண்ணன் கஸ்பார். நவம்பர் முதல் தேதி சாயங்காலம் கட்டினான். “மழைக்காலம்லே, மறந்துட்டுத் திரியாத” என்று சொல்லி ஒரு முடிச்சும் போட்டான். மறுநாள் காலை எட்டு மணிக்கு, கல்லறைத் திருநாள் அன்று, வெங்காயம் ஏற்றிய தோணியைக் கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போனான். அவன்தான் தண்டல், தோணியை நடத்துகிறவன். கூட ஆறு பேர். மூன்றாம் தேதி புயல் அடித்தது. ஐந்தாம் தேதி கீழவைப்பார்க் கரையில் ஒரு பலகை ஒதுங்கியது. வேறெதுவும் ஒதுங்கவில்லை.

துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறவன் சிலுவை. எச்சரிக்கைத் தந்தி காலை ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டது. ஏழு பத்துக்கே கூண்டு ஏற்றிவிட்டதாக அவன் துறைமுகப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறான். எட்டு மணிக்குத் தோணி புறப்பட்டபோது மரம் மொட்டையாக நின்றது என்று மூன்று பேர் சொல்கிறார்கள். எட்டரைக்குக் கூண்டு தொங்கியதை ஊரே பார்த்திருக்கிறது. அப்படியானால் கல்லறைப் பூசைக்குப் போய்விட்டு நிதானமாக வந்து ஏற்றினான், பிறகு புத்தகத்தில் நேரத்தை மாற்றி எழுதினான் என்பதுதான் ஊர்ப் பேச்சு. கல்லறையில் அவனைப் பார்த்தவர்கள் முந்நூறு பேர்.

இன்று மூன்று மணிக்கு விசாரணை. ஏழு உயிருக்கும் அவன்தான் பொறுப்பு என்று முடிவானால் வாசலிலேயே போலீஸ் ஜீப் நிற்கும்.

சிலுவையின் மனைவி பிலோமி துப்பறியும் ஆபீஸின் மாடிப்படி ஏறி வந்த அன்று வேதமணி கிளாட்வினைத்தான் கேட்டார். “உனக்கு வேண்டாம்னா இந்தக் கேஸை நான் எடுக்கலை.”

“எடுங்க சார். நீங்க ஒருத்தனைக் காப்பாத்தப் போனா அவனுக்கு எதிராத்தான் சாட்சி கிடைக்கும். உங்க ராசி அப்படி. எனக்கு அது போதும்” என்றான் கிளாட்வின்.

இப்போது மணி பதினொன்றே முக்கால். சாட்சி எந்தப் பக்கமும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு கதவு. இருவரும் வானிலை நிலையத்தின் மாடிப்படி ஏறினார்கள்.

உள்ளே கிருபாநிதி டெலிபோனில் யாரோ உப்பளக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். சாத்தான்குளத்து மனிதர். சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

“நாளைக்கு மழை வருமான்னு என்கிட்ட கேக்காதயும் அண்ணாச்சி. அது மெட்ராஸ்ல சொல்லுவான். நேத்து எவ்வளவு பெஞ்சதுன்னு கேளும், புள்ளி வச்சுச் சொல்லுதேன்.” போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “உங்களுக்கு என்ன வேணும்? மழையா, காத்தா?”

“வெயில்” என்றான் கிளாட்வின். “அரைக்கிலோ போதும்.”

கிருபாநிதி சிரிக்கவில்லை. வேதமணி முந்திக்கொண்டார். “நவம்பர் ரெண்டாம் தேதி காலையில வானம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு சர்டிபிகேட் வேணும். பொதுஜனம் கேட்டாக் குடுப்பீங்களாமே.”

“கேட்டாக் குடுக்கத்தான் நான் இருக்கேன். இன்சூரன்ஸ்காரன் வாரான், கோர்ட்டுல இருந்து வாராவ. எதுக்கு?”

“கொடிமரம் மொட்டையா நின்னுச்சுன்னு மூணு பேரு தூரத்துல இருந்து பார்த்ததாச் சொல்லுதாங்க. பனியோ மப்போ இருந்திருந்தா அவ்வளவு தெளிவாப் பார்த்திருக்க முடியாதுல்ல.”

“மப்பா? அன்னைக்கா?” கிருபாநிதி எழுந்து அலமாரியைத் திறந்தார். “புயலுக்கு முந்தின நாள் வானத்தைப் பார்த்திருக்கீரா? துடைச்சு வச்ச கண்ணாடி மாதிரி இருக்கும். இரும், காட்டுதேன்.”

அவர் எடுத்து வந்தது ஒரு விரல் அகலமுள்ள நீல அட்டை. அதன் நடுவே கருகிய கோடு ஒன்று ஓடியது.

“மொட்டைமாடியில கண்ணாடிக் குண்டு ஒண்ணு வச்சிருக்கோம். வெயில் அதுக்குள்ள பூந்து பின்னால இருக்குத அட்டையைச் சுட்டுக்கிட்டே போவும். வெயில் உள்ள வரைக்கும் கோடு. மேகம் மறைச்சா கோடு நின்னுரும். தினம் ஒரு அட்டை. மாசக் கடைசியில கட்டுப்போட்டு மேலிடத்துக்கு அனுப்பிருவோம்.”

“இவரு சூரியனுக்கே ஆஜர் எடுக்காரு சார்” என்றான் கிளாட்வின்.

கிருபாநிதி அட்டையின் மேல் பென்சிலை ஓட்டினார். “பாரும். ஆறரையில இருந்து சாயந்தரம் வரைக்கும் ஒரே கோடு. மேகமே இல்லை. ஏழே முக்காலுக்கு மட்டும் சின்னதா ஒரு வெட்டு. அதைக் கணக்குல எடுக்காதயும். அது மேகம் இல்லை, அந்தச் சனியன்.”

“எந்தச் சனியன்?”

“கூண்டுதான்.” அவர் ஜன்னல் பக்கம் கையை வீசினார். கிழக்கே, முப்பது கஜத்துக்கு அப்பால், கொடிமரம் தூறலில் நனைந்துகொண்டு நின்றது. “நவம்பர் முதல் வாரம் மட்டும் சூரியன் சரியா அந்த மர உச்சிக்குப் பின்னால வரும். அன்னைக்குக் கூண்டு தொங்குச்சுன்னா நிழல் நேரா என் குண்டு மேல விழும். மரத்தை மாத்துங்க, இல்லைன்னா குண்டை மாத்துங்கன்னு மூணு கடுதாசி எழுதிட்டேன். ஒருத்தன் பதில் போடலை. என் ரெக்கார்டு கெட்டுப் போவுதுன்னு எவனுக்காவது...”

அவர் பேச்சு தானாக நின்றது. பென்சிலைக் கீழே வைத்தார்.

சுவரில் காற்றழுத்தக் கருவியின் முள் தாளில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

“கிருபாநிதி” என்றார் வேதமணி மெதுவாக. “ரெண்டாம் தேதி ஏழே முக்காலுக்கு அந்த மரத்துல கூண்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதானே இது சொல்லுது?”

“ஆமா.” கிருபாநிதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஆமா. மூணு வாரமா இந்த அலமாரியில கிடக்கு. நான் இதைப் பழுதுன்னு எழுதி வச்சிருக்கேன். அந்த ஆளு வீட்டு மேல கல்லெறிஞ்ச அன்னைக்கு இது இங்கனதான் கிடந்துச்சு. எவனும் வந்து கேக்கலை. எனக்கும் தோணலை.”

சிலுவை பொய் சொன்னான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கிளாட்வின் இந்த மூன்று வாரமும் சோறு தின்றான், சிரித்தான், சைக்கிள் மிதித்தான். அதை விட அவனுக்கு மனமில்லை.

“மரத்து நிழலாவும் இருக்கலாம்லா சார்?”

“மரம் கைத்தண்டிதான். அதுக்குக் கோட்டை அறுக்குத தெம்பு கிடையாது” என்றார் கிருபாநிதி. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தார். “போன வருசம் நவம்பர் மூணு. அன்னைக்கும் கூண்டு இருந்துச்சு. கடுதாசி கூட வைக்கலாம்னு எடுத்து வச்சது.”

இரண்டு அட்டைகளும் அருகருகே கிடந்தன. கிளாட்வின் குனிந்து பார்த்தான். எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்றுதான் பார்த்தான். கிடைத்தது.

“போன வருசத்து வெட்டு அரிசி அகலம் இருக்கு. இது அதுல பாதிதான் இருக்கு. ஏன்?”

கிருபாநிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “முழு நிழல் கடக்க எட்டு நிமிசம் ஆவும். இது நாலு நிமிசத்துலயே முடிஞ்சுட்டு. அதாவது பாதி நிழல்ல...”

“பாதி நிழல்ல யாரோ கூண்டை எறக்கிட்டான்” என்று முடித்தார் வேதமணி. “ஏழு நாப்பத்தொம்பதுக்கு. அந்நேரம் சிலுவை எங்க இருந்தான்?”

“கல்லறையில” என்றான் கிளாட்வின்.

“எத்தனை பேரு பார்த்தாங்க?”

“முந்நூறு பேரு.”

இதுவரை சிலுவையின் கழுத்தை இறுக்கிய சாட்சி, அந்த ஒரு நொடியில் அவனுக்குக் காவலாக நின்றது.

“நான் வாரேன் விசாரணைக்கு” என்றார் கிருபாநிதி. “அட்டையை வெளிய குடுக்க முடியாது, நானே கொண்டாரேன். ரெண்டரை மணி ரீடிங் எடுத்துட்டு ஓடி வந்துருதேன்.”

“ஒருநாள் ரீடிங் எடுக்காட்டி வானம் இடிஞ்சிருமா சார்?”

“இடிஞ்சாலும் எத்தனை மணிக்கு இடிஞ்சுதுன்னு நான்தான் எழுதணும் தம்பி.”

படி இறங்கும்போது வேதமணி கேட்டார். “எறக்குனது யாருன்னு சொல்லாம இந்த அட்டையை மட்டும் நீட்டினா என்ன ஆவும்?”

“சிலுவையே ஆள் வச்சு எறக்குனான்னு சொல்லுவாவ.”

“அப்ப அவன்கிட்டயே கேப்போம். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. எதுக்குன்னுதான் புரியலை.”

சிலுவையின் வீட்டு வாசல் கதவில் கல்லடி பட்ட தடங்கள் அப்படியே இருந்தன. முற்றத்தில் ஈரத்துணி கொடியில் இல்லை, சுவர் மேல் கிடந்தது. கிணற்றில் வாளி இருந்தது, கயிறு இல்லை. உள்ளே சிலுவை சுவரைப் பார்த்துத் தரையில் படுத்திருந்தான். பக்கத்தில் கயிற்றுக் கட்டில் வெறும் சட்டமாக நின்றது.

“கட்டிலுக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்ட கிளாட்வின், கேட்டு முடிக்கும் முன்பே புரிந்துகொண்டான்.

வேதமணி பிலோமியிடம் தணிந்த குரலில் சொன்னார். “எல்லாக் கயித்தையும் ஒளிச்சு வச்சிருக்கியோ?”

அவள் தலையசைத்தாள். “முந்தாநாள் ராத்திரி எழும்பிப் பார்க்கேன், உத்தரத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பயந்துபோயி அவுத்துட்டேன், எல்லாத்தையும். அரிசி டின்னுல போட்டு மூடி வச்சிருக்கேன்.”

“கொண்டா அதை.”

டின்னைக் கவிழ்த்தாள். கிணற்றுக் கயிறு, துணிக் கொடி, கட்டில் கயிறு, ஆட்டைக் கட்டும் கயிறு. கடைசியாக ஒரு முழ நீளத்தில் வெள்ளைக் கயிறு விழுந்தது. ஒரு முனை கத்தியால் அறுத்தது. மறுமுனையில் ஒரு வளையம், அதில் ஒரு முடிச்சு.

“இது வீட்டுக் கயிறு இல்லையே.”

“கொடிமரத்துக் கயிறு சார். ரெண்டாம் தேதி அவரு மடியில வச்சுக் கொண்டாந்தது. தூரப் போடட்டுமான்னேன். தொடாதன்னுட்டாரு.”

வேதமணி அதை எடுக்கக் கை நீட்டினார். கிளாட்வின் முந்திவிட்டான்.

எல்லாரும் வலமிருந்து சுற்றும் முடிச்சு அது. இது இடமிருந்து சுற்றியிருந்தது. கடைசிச் சுற்று அடியில் நுழைந்து, வால் மட்டும் மேலே எட்டிப் பார்த்தது. கஸ்பார் இடதுகைக்காரன். அவன் போட்ட முடிச்சை அவிழ்க்க அவனேதான் வரணும் என்று தோணியில் கேலி செய்வார்கள்.

இதே முடிச்சு வாசலில் சைக்கிள் கேரியரில் இருந்தது.

“சார்” என்றான் கிளாட்வின். வேதமணி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு திறந்த கதவு வழியே சைக்கிளைப் பார்த்தார்.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. மூன்று வாரத்தில் சிலுவை பேசிய முதல் நீளமான பேச்சு.

“அதை அங்கன வச்சிருலே தம்பி. உனக்குத் தெரிய வேண்டாம்னுதான் இருந்தேன்.”

“இந்த முடிச்சை எப்ப பார்த்தீரு?”

சிலுவை எழுந்து உட்கார்ந்தான். “அன்னைக்குக் கடக்கரையில ஒரு ஈ, காக்கா இல்லை. எல்லாரும் மெழுகுதிரி கொளுத்தக் கல்லறைக்குப் போயிட்டாவ. கூண்டை ஏத்துனா யாரு பாக்க? அதான் ஏத்திட்டு, தந்தித் தாளை எடுத்துக்கிட்டுக் கல்லறைக்கு ஓடுனேன், சாமியார் பூசையில சொல்லட்டும்னு. சொன்னாரு. மத்தவன் எவனும் கடல்ல எறங்கலை. திரும்பி வந்து பார்க்கேன், எட்டு இருவது. கூண்டு கீழ கிடக்கு. அவுக்கப் பார்த்தேன், கைக்கு வரலை. அப்பதான் யாருன்னு தெரிஞ்சுது. கத்தியால அறுத்து மறுபடி ஏத்திட்டுப் பாலத்து முனைக்கு ஓடுனேன். சட்டையைக் கழத்தி வீசுனேன்.”

“பார்த்தானா?”

“பார்த்தான். வழியனுப்புதேன்னு நினைச்சானோ என்னவோ. அவனும் கையாட்டுனான்.”

பிலோமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவளுக்கும் இது புதிது.

“எறக்குனாத்தான் கூட உள்ள ஆறு பேரும் ஏறுவாவ” என்றான் சிலுவை. “எச்சரிக்கை போயிட்டு, பாருங்கன்னு சொல்லியிருப்பான். பதினோரு நாளாத் தோணியைக் கட்டிப் போட்டிருந்தான். மூணு தடவை கூண்டு ஏத்துனேன், மூணு தடவையும் கடல் எண்ணெய் மாதிரி கிடந்துச்சு. வெங்காயம் முளைச்சுட்டுன்னு முதலாளி தினம் வந்து நிப்பாரு. நம்பிக்கை போயிட்டு அவனுக்கு.”

“சிலுவை கூண்டு ஏத்துனா கருவாடு காயப்போடலாம்” என்றான் கிளாட்வின்.

சிலுவை நிமிர்ந்தான்.

“கடக்கரை பூரா சொல்லிச் சிரிச்சாவல்லா. அது நான் கட்டி விட்டது. ஒண்ணாம் தேதி சாயங்காலம் குடையைக் கட்டிக்கிட்டு இருந்தவன்கிட்ட மறுபடி சொன்னேன். அவன் அவ்வளவு சிரிச்சான்.”

“தெரியும்லே. நானும்தான் சிரிச்சேன்.”

வேதமணி நீல அட்டை காட்டியதைச் சொல்லிவிட்டுக் கேட்டார். “இதை ஏன் இதுவரை யாருகிட்டயும் சொல்லலை?”

“செத்தவன் மறுத்துப் பேசுவானா? அதுவும் போக, ஏழு வீட்டுக்கும் கோபப்பட ஒரு ஆளு வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன். கஸ்பாரு வீட்டுக்காரி பிளாரன்ஸு அந்த ஆறு பொம்பளையளோடதான இனியும் தண்ணி எடுக்கணும், பூசைக்குப் போவணும்? அந்த அட்டையை மட்டும் காட்டுங்க. கூண்டு எப்படி எறங்குச்சுன்னு கேட்டா, காத்துக்குக் கயிறு அறுந்துட்டுன்னு சொல்லிருதேன். வேலை போனாப் போவட்டும்.”

கிளாட்வின் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தான்.

“அறுத்துட்டுப் போன காத்து முடிச்சும் போட்டுட்டுப் போச்சாண்ணே?”

யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பதற்காகச் சொல்லவுமில்லை.

விசாரணை நடந்த கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழும் கறுப்புச் சேலை. ஓரத்தில் கிளாட்வினின் மதினி பிளாரன்ஸ். வாசலில் ஜீப் நின்றது. மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம். பிலோமியோடு சிலுவை வந்தபோது அந்த வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து அவன் காலடியில் துப்பினாள். அவன் ஒதுங்கி நின்றான்.

கிருபாநிதி மழையில் ஓடி வந்தார். சட்டைக்குள் அட்டைகளை வைத்துப் பொத்தானைப் போட்டிருந்தார்.

“நான் பேசட்டுமா?” என்று கேட்டார் வேதமணி. “இல்லை அட்டையோட நிறுத்திக்கிடட்டுமா? இது உன் வீட்டுக் காரியம். நீ சொல்லுதபடி செய்யுதேன்.”

கிளாட்வின் சைக்கிளுக்குப் போனான். கேரியர் முடிச்சை விரலால் ஒருமுறை தடவினான். பிறகு வேதமணியின் பேனாக்கத்தியை வாங்கி, முடிச்சு கலையாதபடி கயிற்றை இரண்டு பக்கமும் அறுத்தான். குடை நழுவிச் சேற்றில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

மதினி முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இரண்டு முடிச்சுகளையும் அவள் மடியில் வைத்தான்.

அவள் கேரியர்க் கயிற்றை முதலில் எடுத்தாள். “உங்க அண்ணன் கட்டுல்லா இது.” பிறகு வெள்ளைக் கயிறு. “இதுவும்தான். இது எங்கன உள்ளது?”

“கொடிமரத்துல உள்ளது மதினி. ரெண்டாம் தேதி.”

அவள் அவனைப் பார்த்தாள். சிலுவையைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவில் மிச்சத்தையும் அவள் படித்துவிட்டாள் என்று கிளாட்வினுக்குத் தெரிந்தது. விரல்கள் அந்த முடிச்சைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவிழ்க்கத் தெரிந்த விரல்கள் அவை. ஊரில் கஸ்பாரைத் தவிர அவளுக்கு மட்டும்தான் அந்த வித்தை தெரியும். அவள் அவிழ்க்கவில்லை.

“சொல்ல வேண்டாம்னா சொல்லலை மதினி” என்றான் கிளாட்வின்.

“எத்தனை நாளா இவரு இதை வச்சுக்கிட்டு இருக்காரு?”

“மூணு வாரமா.”

உள்ளேயிருந்து பியூன் வந்தான். “சிலுவை. சிலுவை யாரு?”

சிலுவை ஓரடி எடுத்து வைத்தான். அதற்குள் பிளாரன்ஸ் எழுந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் சேலையைப் பிடித்து, “நீ எங்கனளா போற?” என்றாள். பிளாரன்ஸ் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். அந்த ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நடந்தாள். கிளாட்வின் பின்னாலேயே போனான்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். “நாங்க கூப்பிட்டது கூண்டு ஏத்துத ஆளை. நீங்க யாரும்மா?”

பிளாரன்ஸ் இரண்டு முடிச்சுகளையும் மேசை மேல் வைத்தாள்.

“கூண்டை எறக்குனவரு பெஞ்சாதி.”